நீலத் துளி

மல்லாவி ஆஸ்பத்திரியில் அப்போது மின்சாரம் இல்லை.
நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை
யன்னல் பக்கம் திருப்பி
வெயிலைப் பிடிப்பேன்.
முகில் வந்தால் கிருமியும் மறைந்துவிடும்.

தொண்ணூற்றேழு, மாரி முடிந்த கையோடு.
ஒரு நாளில் நூற்றிருபது கண்ணாடித் துண்டுகள்,
நூற்றிருபது விரல்நுனிகள்.
வவுனிக்குளத்து வாய்க்கால் நெடுக
நுளம்புக்குத்தான் அந்தப் போகம் நல்ல விளைச்சல்.

பரிமளகாந்தி இரண்டு பெடியளைக் கொண்டுவந்தா.
மூத்தவன் தயாபரன் நடந்து வந்தான்,
நடுங்கிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு,
வாசலில் நின்ற சைக்கிளின் மணியை
அடித்துப் பார்த்துக்கொண்டு.
இளையவன் குகரூபன் தகப்பனின் தோளில்.
கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

இருவர் பூச்சிலும் ஒரே மோதிரங்கள்,
ஊதாச் சாயத்தில்
ஒற்றைக் கல் பதித்த சின்ன மோதிரங்கள்.

"ஒரு வயித்துப் பிள்ளையள், தங்கச்சி.
ஒரு பாய், ஒரு கிழிஞ்ச வலை.
அவன் மணியடிக்கிறான்.
இவன் மட்டும் ஏன்?"

பதில் சொல்ல நேரமில்லை. ரத்தம் வேணும்.
வெள்ளை ஓட்டில் நாலு பேரின் துளிகள்.
நீல மருந்து ஒரு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு,
ஈர்க்கால் கலக்கி, ஓட்டை மெல்லச் சரித்தேன்.
தாய்: இரண்டிலும் வழுவழுவென்று ஓடியது. ஓ.
மூத்தவனும் ஓ.
இளையவனின் துளி நீலத்தில் திரைந்தது,
கூழில் கட்டிபட்ட குரக்கன்மாப்போல். ஏ.
தகப்பனின் துளியும் அப்படியே.

வெளிநாட்டு டொக்டர் ஒருவர் விட்டுப்போன
சஞ்சிகையில் வாசித்திருந்தேன்:
கிருமி புகுந்த சிவப்பணு
சுகமான அணுக்களைத் தன்னைச் சுற்றி
இதழ் இதழாய் ஒட்டவைக்குமாம்.
ஓவில் அந்தப் பூ இலகுவில் உதிரும்.
ஏயில் இறுகும்.
இறுகினால், மூளையின் மயிரிழைக் குழாய்களில்
பாதை அடைபடும்.
எல்லாருக்கும் அல்ல.
ஆயிரம் பேரை அடுக்கி வைத்தால்
கொஞ்சம் சாயும் ஒரு தராசு.
ஒரு பிள்ளைக்கு முன்னால்
அந்தத் தராசுக்கு வாயில்லை.

பரிமளகாந்தி ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தா.
"அப்ப இது அவற்ற ரத்தத்தால வந்த வினையோ?"

"நுளம்புக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அக்கா"
என்றேன்.
அரைப் பொய்.
நுளம்புக்குத் தெரியாது.
அதன் எச்சிலில் ஏறி வந்தவனுக்குக்
கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரியும்.

ஓ எவருக்கும் ஏறும் என்று
அவதான் முதலில் கையை நீட்டினா.
நகக்கண் வெளிறியிருந்தது.
தகப்பனைப் படுக்கவைத்தேன்.
எந்த எழுத்து பிள்ளையை அடைத்ததோ
அதே எழுத்து பையில் நிறைந்து,
சூடு ஆறமுதல்
பிள்ளைக்குள் இறங்கியது.

ஆறாம் நாள் குகரூபன் தண்ணி கேட்டான்.
இடது கால் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆடியில் பள்ளிக்கூடத்துக்குள் நானூறு குடும்பம்.
ஒரு கிணறு.
வாந்திபேதி வந்தபோது
விழுந்தவன் தயாபரன்.
இந்தக் கிருமிக்கு வேறு கணக்கு:
இது ஓவைத்தான் கூடப் பிழியும்
என்றது அதே சஞ்சிகை, வேறொரு பக்கத்தில்.
சேலைன் போத்தலை மண்வெட்டிப் பிடியில் கட்டி
உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள்.
அக்கராயன் றோட்டில் புழுதி அடங்கும்வரை நின்றேன்.
பிறகு நானும் இடம்பெயர்ந்தேன்.

மலேரியா இப்போது பரீட்சைக் கேள்வி.
மல்லாவிப் பொதுமண்டபத்தில் இரத்ததான முகாம்,
மின்விசிறி, பிஸ்கட், மைலோ.
இடது காலை இழுத்து வந்த ஒருவன்
படிவத்தை நீட்டினான்.
பெயரை வாசித்துவிட்டுத் தலை நிமிரவில்லை நான்.
நீலத் துளி. திரைந்தது.

நான் கேட்க முதல் அவனே சொன்னான்:
"அண்ணா ஓ."

வினைச்சொல் இல்லாத வசனம்.
எங்கள் மொழி அதற்கு இடம் கொடுக்கும்.
இருக்கிறான், இருந்தான்
இரண்டும் அதற்குள் கொள்ளும்.

கையைப் பொத்திப் பிடிக்கச் சொன்னேன்.
நரம்பு எழும்பியது.